சீட்டியண்ணனின் கடைசி மெட்டு

ஞாயிற்றுக்கிழமை லாண்டரிக்கு விடுமுறை என்று பேருக்குத்தான். ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான் என்பதால் மத்தியானத்துக்கு மேல் ஒரு ஈடாவது துணி போட்டே ஆக வேண்டும். அன்றைக்குக் காலையில் மட்டும் எல்லா மெஷின்களையும் நிறுத்தி, பாய்லரையும் அணைத்துவிட்டு, கூடத்தின் நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள் லாண்டரியம்மா. கல்யாணமான நாளிலிருந்து இரைச்சலுக்குள்ளேயே பேசிப் பழகியவள். அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை. யாரோ பின்னால் நின்று உற்றுப் பார்ப்பதுபோல இருந்தது.

"ஏம்மா இப்படிக் கத்தறே? மெஷின்தான் ஓடலயே" என்றாள் மகள்.

"நான் எங்கடி கத்தினேன்?" என்று லாண்டரியம்மா கத்தினாள்.

இரும்புச் சட்டங்களில் மடித்த பெட்ஷீட்டுகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. ஆஸ்பத்திரி வெள்ளை ஒரு பக்கம், தங்கும் விடுதிகளின் நீலமும் பழுப்பும் இன்னொரு பக்கம். ரெக்கார்டிங்காரர் உள்ளே நுழைந்ததும் நடுவில் நின்று ஒரு தரம் கைதட்டிப் பார்த்தார். சத்தம் அங்கேயே விழுந்து அடங்கியது. இன்னொரு தரம் தட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஸ்டுடியோவுல இதுக்குத்தாங்க சுவர் பூரா பஞ்சு ஒட்டி வெக்கிறாங்க. உங்களுக்கு ஆஸ்பத்திரிக்காரனே ஒட்டிக் குடுத்திருக்கான்" என்றார். பிறகு அண்ணாந்து தகரக் கூரையைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "மழை வந்தா மட்டும் நாம காலி."

வெளியே மேகம் இறங்கித்தான் இருந்தது. காற்று துளியும் இல்லை. துணி காயாத நாள் என்று லாண்டரியம்மா விடிந்ததுமே மூக்கை வைத்துச் சொல்லியிருந்தாள்.

இந்த ஏற்பாடெல்லாம் டயர்க்காரருடையது. மூலையில் பங்க்சர் ஒட்டும் கடை வைத்திருப்பவர். சாயங்காலமானால் டிரம்ஸ் வாசிப்பார். லாண்டரியம்மாவின் வீட்டுக்காரர் கிளாரினெட். பகலெல்லாம் ரோலர் இஸ்திரியில் துணி கொடுத்துக்கொண்டே சீட்டியடிப்பார் என்பதால் எல்லோருக்கும் அவர் சீட்டியண்ணன். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது. கல்யாணம், கடைத் திறப்பு, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் போய் வாசித்தார்கள். போன வருஷம் மழைக்காலத்தில், ஒரு கச்சேரி முடிந்து திரும்பும்போது, அவர்கள் வந்த வேன் நின்றிருந்த லாரியில் மோதியது. சீட்டியண்ணன் அங்கேயே போய்விட்டார். வேனை ஓட்டியவனுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது, உயிர் தப்பியது. ஓட்டியவன் லாண்டரியம்மாவின் கூடப்பிறந்த தம்பி.

"தூங்கிட்டேன்" என்று போலீசில் சொன்னான் அவன். லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். லாண்டரியம்மா அதற்குப் பிறகு அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு மாதத்துக்கு முன்னால் டயர்க்காரர் வந்து கல்லாவுக்கு எதிரில் உட்கார்ந்து, "அண்ணி, அண்ணன் சொந்தமாப் போட்ட மெட்டு மூணு இருக்கு. எதையும் எழுதி வெக்கல. எனக்கே இப்பல்லாம் பாதியில தட்டுது. மறந்து தொலையறதுக்கு முன்னாடி பிடிச்சு வெச்சிடணும். உங்க பொண்ணுதான் அப்பாவோட கிளாரினெட்ல தினம் ஊதறாளே, அவ வாசிக்கட்டும்" என்றார்.

லாண்டரியம்மா மடித்துக்கொண்டிருந்த தலையணை உறையை முடித்துவிட்டு, "எடுங்க" என்றாள். "இங்கயே எடுங்க. ஆனா என் தம்பி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது."

"கிடார் அவன்தானே வாசிக்கணும்?"

"கிடார் இல்லாம வாசிங்க."

டயர்க்காரர் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்.

முதல் இரண்டு மெட்டும் நல்லபடியாகவே அமைந்தன. மகளுக்கு மூச்சு பாதியில் அறுந்தபோதெல்லாம் மறுபடி எடுத்தார்கள். லாண்டரியம்மா ஒரு முக்காலியில், வெள்ளை ஷீட் அடுக்கில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தாள். வாசிக்கும்போது அசையக் கூடாது, இருமக் கூடாது என்று ரெக்கார்டிங்காரர் சொல்லியிருந்ததால் கைகளை மடியில் கோத்து வைத்திருந்தாள். சோடாவும் ப்ளீச்சும் தின்று தோல் வெளுத்த விரல்கள். சும்மா இருக்கத் தெரியாத கைகள். ஒன்றையொன்று பிசைந்துகொண்டே இருந்தன.

இடைவேளையில் டீயும் ரொட்டியும் வந்தன. டயர்க்காரருக்கு வாய் திறந்துகொண்டது.

"ஒரு கல்யாணத்துல தப்பான மண்டபத்துக்குப் போயிட்டோம், தெரியுமா? அடுத்தடுத்து ரெண்டு மண்டபம். நாங்க பாட்டுக்குச் சாமானை இறக்கி, கட்டி, ஒரு மணி நேரம் வாசிச்சாச்சு. ஒருத்தனும் நீ யாருன்னு கேக்கல. மாப்பிள்ளையோட அப்பா வந்து அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நாங்க பேண்டே சொல்லலீங்க, யாரு அனுப்பினாங்கன்னே தெரியல, ரொம்ப நன்றி'ங்கறார். அண்ணன் முகத்தைப் பாக்கணுமே! பக்கத்து மண்டபத்துல எங்களைக் கூப்ட்டவன் வெளிய நின்னு கத்திட்டிருக்கான். எல்லாம் வண்டி ஓட்டினவன் பண்ணின வேலை—"

சட்டென்று நிறுத்தினார். ரெக்கார்டிங்காரர் மட்டும் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் முகத்தைப் பார்த்ததும் அவரும் டீயைக் குனிந்து குடித்தார்.

"டீ ஆறுது. குடிங்க" என்றாள் லாண்டரியம்மா.

மகள் ரொட்டியைத் தொடவேயில்லை. கிளாரினெட்டின் ஊதுவாயைத் துணியால் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். பிறகு, "மூணாவதும் எடுக்கணும்" என்றாள்.

"எடுக்க முடியாதும்மா. கிடார் இல்லாம அது எலும்பில்லாத உடம்பு. ரெண்டு போதும். அண்ணன் கோவிச்சுக்க மாட்டார்" என்றார் டயர்க்காரர்.

"மாமா பின்வாசல்ல நிக்கறார்."

லாண்டரியம்மா எழுந்திருக்கவில்லை. "யாரு கூப்ட்டா?"

"நான்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணல."

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பே."

"அப்போ வேணாம்னு தெரிஞ்சேதான் செஞ்சிருக்கே."

"ஆமா." மகள் பின்வாங்கவில்லை. "உனக்கு அவர் வீட்டுக்காரர். எனக்கு அப்பா. மூணாவது மெட்டை அப்பாவும் மாமாவும் சேர்ந்து உக்காந்துதான் போட்டாங்க. மாமா வாசிக்கலன்னா அது போயிடும்மா. ஒரேயடியாப் போயிடும். நீ பேச வேணாம். முகத்தைக்கூடப் பாக்க வேணாம். வாசிச்சுட்டுப் போகட்டும்."

டயர்க்காரர் டிரம் குச்சிகளை எடுத்து ஏதோ புதுப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

தம்பி அவளுக்கு ஒன்பது வயது இளையவன். அம்மா அப்பா இல்லாததால் கல்யாணத்தன்றே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவன். 'பொண்ணு கேட்டுப் போனேன், கூடவே ஒரு பையனையும் கட்டிக் குடுத்துட்டாங்க' என்று சீட்டியண்ணன் சொல்லாத ஆள் கிடையாது. பள்ளிக்கூடம் அனுப்பியதும் அவர்தான், பழைய கிடார் ஒன்றை வாங்கி மடியில் வைத்து விரலைப் பிடித்து அழுத்தியதும் அவர்தான். இப்போது அவன் நகரத்தின் மறுகோடியில் ஒரு பெயிண்ட் கடையில் நிற்கிறான், தனியாகப் பொங்கித் தின்கிறான், எங்கே போனாலும் நடந்தே போகிறான் என்று மட்டும் அவள் காதுக்கு வந்திருந்தது.

"வரச் சொல்லு. வாசிச்சுட்டுப் போகட்டும். என் பக்கம் வர வேணாம்" என்றாள்.

அவன் உள்ளே வந்தான். இளைத்திருந்தான். நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தது. செருப்பைப் பின்வாசலிலேயே கழற்றிவிட்டு, அக்கா இருந்த பக்கம் திரும்பாமல், சுவர் ஓரமாகவே வந்து டயர்க்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். டயர்க்காரர் அவன் முழங்காலில் ஒரு தட்டு தட்டினார். அவ்வளவுதான். கிடாரைச் சுருதி சேர்க்கும்போது அவன் விரல் வழுக்கியது; சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"நான் கை காட்டினதும் ஆரம்பிங்க" என்றார் ரெக்கார்டிங்காரர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கூரையை ஒரு தரம் பார்த்தார்.

கிடார் முதலில். பிறகு டிரம்ஸ் பிரஷ்ஷால் மெல்ல உரசியபடி உள்ளே வர, அதன் மேல் மகளின் கிளாரினெட். சீட்டியண்ணன் இஸ்திரி போட்டுக்கொண்டே நாள் முழுக்க உருட்டிக்கொண்டிருந்த மெட்டு. லாண்டரியம்மாவுக்கு அது உடம்புக்குள் தெரியும். எந்த இடத்தில் அவர் ஷீட்டின் விளிம்பை நீவுவார், எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்றுகூடத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டாள்.

நடுப்பகுதியில் மெட்டு கீழே இறங்க வேண்டும். கிடார் இறங்கவில்லை. மேலே ஏறியது. மகள் தடுமாறி நிறுத்தினாள். டயர்க்காரரும் நிறுத்தினார்.

"பரவால்ல, பழக்கம் விட்டுப்போச்சு. மறுபடி."

மறுபடி ஆரம்பித்தார்கள். அதே இடம். கிடார் மேலே ஏறியது.

"டேய், கீழடா!"

"ம்."

மூன்றாம் முறையும் ஏறியது. தூரத்தில் இடி உருண்டது. ரெக்கார்டிங்காரர் வாயைத் திறந்து மூடினார். டயர்க்காரருக்குப் பொறுமை போய்விட்டது. குச்சியைத் தூக்கிப் போட்டார்.

"என்னடா விளையாட்டு இது? அந்தப் பொண்ணு உன்னை நம்பிக் கூப்ட்டிருக்கா. ஒரே வருஷத்துல மெட்டு மறந்து போச்சா உனக்கு?"

"மறக்கல."

"பின்ன?"

"அது இப்படித்தான் போகும். கை கீழ போக மாட்டேங்குது." அவன் கிடாரைப் பார்த்தே பேசினான். "அத்தான் அதை மாத்திட்டார்."

"எப்போ மாத்தினார்? கடைசிக் கச்சேரியில நாமதானே வாசிச்சோம். நான் டிரம்ஸ்ல உக்காந்திருக்கேன். கீழதான் வந்தோம்."

அவன் கிடாரின் திருகாணி ஒன்றைத் திருப்பினான்.

"சொல்லுடா, எப்போ?"

"கச்சேரிக்கு அப்புறம்."

கச்சேரிக்கு அப்புறம் டயர்க்காரர் அங்கேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டார். வேனில் ஏறியது இரண்டே பேர். அதற்குப் பிறகு மெட்டு மாற்ற வேறு இடமே கிடையாது. இது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

லாண்டரியம்மா முக்காலியிலிருந்து எழுந்தாள்.

"தூங்கிட்டேன்னு சொன்னியே" என்றாள்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை. அவன் தலையை நிமிர்த்தினான். அவள் ஒரு கணம் காத்திருந்தாள். பிறகு திரும்பி விறுவிறுவென்று நடந்தாள். ஆஸ்பத்திரி மூட்டை ஒன்றின் முடிச்சை அவிழ்த்து, ஷீட்டுகளை வாரி வாரிப் பெரிய மெஷினுக்குள் திணித்தாள். சோப்புத் தூளைக் கோரிப் போட்டாள். கதவை அறைந்து சாத்தி ஸ்விட்சைத் தட்டினாள்.

மெஷின் உறுமிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. தரை அதிர்ந்தது. ரெக்கார்டிங்காரர் "ஐயோ" என்று ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார்.

"அம்மா! என்னம்மா பண்றே?"

"எனக்கு வேலை இருக்கு! ஆஸ்பத்திரி வண்டி வந்துடும்! பாட்டுப் பாடிட்டு உக்காந்திருக்க முடியுமா?"

பக்கத்து மெஷினில் நேற்றுப் பிழிந்த ஷீட்டுகள் ஈரமாகக் கிடந்தன. ஒன்றை உருவினாள். இரட்டைக் கட்டில் ஷீட், தண்ணீர் குடித்துக் கனமாக இருந்தது. அதை உதறி மடிக்க இரண்டு பேர் வேண்டும். மகள் ஓடி வந்து மறுமுனையைப் பிடிக்கப் போனாள். "நீ போ" என்று தள்ளிவிட்டாள். தனியாகவே உதறினாள். ஷீட் தரையில் புரண்டது. வெள்ளைத் துணி தரையில் படுவதை அந்த லாண்டரியில் யாரும் பார்த்ததில்லை. திரும்பத் தூக்கினாள், திரும்ப விழுந்தது.

தம்பி எழுந்து போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

அவள் இழுத்தாள். அவன் விடவில்லை. சிறு வயதிலிருந்து அவன் இங்கே செய்த வேலை அது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உதறினார்கள். ஷீட் சடாரென்று அறைந்து விரிந்தது. நீளவாக்கில் மடித்து, அவன் தன் முனைகளைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான். முகத்துக்கு முகம் ஒரு முழம்கூட இல்லை. மெஷின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவருக்கும் கத்தினால்தான் கேட்கும்.

"தூங்கலயா நீ?"

"இல்லக்கா."

அடுத்த ஷீட். உதறி, மடித்து, நெருங்கி வந்தார்கள்.

"பின்ன என்னடா ஆச்சு?"

"அத்தான் சீட்டியடிச்சிட்டிருந்தார். மெட்டு தப்பா வெச்சிருக்கோம் மாப்ள, ஏற வேண்டிய எடத்துல எறங்கறோம், இதைக் கேளுன்னார். ஏத்தி அடிச்சுக் காட்டினார். நல்லா இருந்துச்சுக்கா. நான் ஸ்டியரிங்ல தாளம் தட்டினேன்."

அவள் முனைகளைப் பிடுங்கிக்கொண்டு விலகினாள். இன்னொரு ஷீட். ஓரம் கோணிக்கொண்டது. அவள் சரி செய்யவில்லை.

"அப்புறம்?"

"அதென்ன எருமை மாட்டைத் தட்டற மாதிரி, ஒழுங்கா ரெண்டு கையாலயும் தட்டுடான்னார். விளையாட்டாத்தான் சொன்னார். நானும் கையை எடுத்துத் தட்டினேன். ரெண்டே தட்டு. வளைவுல லாரி நின்னுட்டிருந்துச்சு, லைட்டு இல்ல. அவர் ரோட்டைப் பாக்கவே இல்லக்கா. என் பக்கம் திரும்பி—"

கழுவி முடித்த அழுக்குத் தண்ணீர் வடிவதற்காக மெஷின் தானாக நின்றது. அவனுக்குக் குரலைக் குறைக்க நேரமில்லை.

"—சிரிச்சிட்டே இருந்தார்க்கா!"

அது கூடம் முழுக்கக் கேட்டது. வாய்க்காலில் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும். மகள் கிளாரினெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் சொல்லல?" என்றாள் லாண்டரியம்மா. இப்போது கத்தவில்லை.

"எப்படிக்கா சொல்றது? அத்தான் சொல்லித்தான் கையை எடுத்தேன்னு சொன்னா, செத்துப்போன மனுஷன் மேல பழியைப் போட்டு நான் தப்பிச்ச மாதிரி ஆகாதா? ஓட்டினது நான். கை என் கை. தூங்கிட்டேன்னா எல்லாம் என்னோட போயிடும்னு..."

"உன்னோட போச்சா?" அவள் ஈர ஷீட்டை அவன் மார்பில் எறிந்தாள். "உன்னோடயா போச்சு? டேய், இந்த ஒரு வருஷமா நான் என்ன கேட்டுட்டிருக்கேன் தெரியுமா? நீ தூங்கிட்டே. அவர் முழிச்சிருந்தார். லாரி கிட்ட வர்றதைப் பாத்தார். உன்னை எழுப்பக் கத்தினார், கத்தினார், நீ எழுந்திரிக்கல. படுத்தா அந்தக் கத்தல்தான்டா. மெஷினைப் போட்டா அதுக்குள்ள அந்தக் கத்தல். பயந்து செத்தார் மனுஷன், தனியாப் பயந்து செத்தார்னு... நீ என்னடான்னா சிரிச்சிட்டிருந்தார்ங்கறே. சீட்டியடிச்சிட்டிருந்தார்ங்கறே. இதை நீ உள்ள வெச்சுப் பூட்டிக்கிட்டு, எனக்கு ஒரு வார்த்தை..."

முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவன் அந்த ஷீட்டைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான். டயர்க்காரர் யாருடையதோ துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

மெஷின் அலசத் தொடங்குவதற்காக மறுபடி உறுமியது. லாண்டரியம்மா போய் அதை நிறுத்தினாள். பாதிச் சோப்போடு துணி உள்ளேயே கிடக்க, ஒரு ஈடு நடுவில் நிற்பதும் அந்த லாண்டரிக்குப் புதிது.

"அதைக் காட்டு" என்றாள்.

"எதைக்கா?"

"அவர் மாத்தினதை."

அவன் கிடாரைத் தேடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உதட்டைக் குவித்துச் சீட்டியடித்தான். வறண்ட உதடு, முதலில் காற்றுதான் வந்தது. பிறகு வந்தது. பழைய மெட்டு இறங்கும் இடத்தில் தயங்கி, ஏறியது, இன்னும் ஏறியது, ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி அகன்றது. அங்கே நின்றுவிட்டது.

மகள் மெல்ல அந்த இடத்தை ஊதிப் பார்த்தாள். வந்துவிட்டது. இன்னொரு தரம் ஊதினாள். "அதுக்கு மேல எப்படிப் போகுது மாமா?"

"அதுக்கு மேல தெரியாதும்மா. அங்கதான் நின்னுச்சு."

ரெக்கார்டிங்காரர் தொண்டையைச் செருமினார். "தப்பா நெனைக்காதீங்க. அங்கயே நிறுத்திடலாம். நான் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுடறேன். கேக்கறவங்களுக்கு அண்ணன் அப்படியே போன மாதிரி..."

"இல்ல, பழைய முடிவையே ஒட்டிடலாம்" என்றார் டயர்க்காரர்.

"ஒட்டாது" என்றான் தம்பி. "இவ்வளவு மேல போயிட்டு அதுக்கு வர முடியாது."

"அப்போ அங்கயே நிறுத்தறதுதான்—"

"அங்க நிறுத்தக் கூடாது" என்றாள் லாண்டரியம்மா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தம்பியை மட்டும் பார்த்தாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா அது அந்தரத்துல நிக்குதுன்னு தெரியுது. ஒரு வருஷமா அவர் அந்த வளைவுலதான் நிக்கறார். இன்னும் அங்க விட்டுட்டு வரச் சொல்றீங்களா? நீதானேடா ஓட்டிட்டு வந்தே. நீயே வீட்டுக்குக் கொண்டு வந்து சேரு."

அவன் முகம் கோணிக்கொண்டது. அழப்போகிறான் என்று நினைத்தார்கள். அழவில்லை. எழுந்து, ஈர ஷீட்டை மடித்து மேஜை மேல் வைத்துவிட்டு, கிடாரை எடுத்தான்.

பிறகு நடந்தது வேலைதான். அவனும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து அந்த உச்சியிலிருந்து இறங்கும் வழியைத் தேடினார்கள். முதலில் வந்தது சட்டென்று குதிப்பதுபோல் இருந்தது. "விழுந்துட்டார்" என்றாள் லாண்டரியம்மா. அடுத்தது நீண்டு நெளிந்து எங்கேயோ போனது. "இது யார் வீடு?" என்றாள். டயர்க்காரர் சிரித்துவிட்டார், தம்பிக்கும் உதட்டோரம் அசைந்தது. மகள் ஒன்று சொன்னாள். அவன் அதில் ஒரு ஸ்வரத்தை எடுத்துவிட்டான். டயர்க்காரர் அந்த இடத்தில் தாளத்தையே விட்டுவிடலாம் என்றார். இடி நெருங்கிக்கொண்டிருந்தது. சில கனத்த துளிகள் கூரையில் விழுந்தன. ரெக்கார்டிங்காரர் கைகளைப் பிசைந்தார். துளிகள் நின்றன.

"இப்பவே எடுத்தாத்தான் உண்டு" என்றார் அவர்.

ஆரம்பித்தார்கள். கிடார், பிரஷ், கிளாரினெட். ஏறும் இடம் வந்தபோது மகளின் கழுத்து நரம்பு புடைத்தது, ஆனால் மூச்சு அறுபடவில்லை. உச்சியில் நின்றாள். எல்லோரும் அங்கே நின்றார்கள். தம்பி கண்களை இறுக மூடியிருந்தான், நெற்றி வேர்த்திருந்தது. லாண்டரியம்மா முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கிடார் முதலில் அடி எடுத்து வைத்தது. அவசரமில்லாமல், ஒவ்வொரு ஸ்வரமாக. கிளாரினெட் அதன் பின்னாலேயே இறங்கியது. ஓரிடத்தில் கொஞ்சம் தயங்கி, திரும்பி, மெட்டு தொடங்கிய அதே ஸ்வரத்தில் வந்து உட்கார்ந்தது.

ரெக்கார்டிங்காரர் கை தூக்கியபடியே இருந்தார். அந்தச் சத்தம் முழுக்க அடங்கும்வரை இறக்கவில்லை. இறக்கியபோது அவருக்கும் கண் சிவந்திருந்தது.

மழை அதற்காகவே காத்திருந்ததுபோல் கொட்டியது. ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. டயர்க்காரர் டிரம்ஸைக் கழற்ற ஆரம்பித்தார். தம்பி கிடாரைப் பையில் போட்டுக்கொண்டு பின்வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினான். லாண்டரியம்மா பின்னாலேயே வந்தாள்.

"நான் உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காதே" என்றாள்.

"இல்லக்கா."

"மண்டபத்துலேருந்து அந்த வளைவு எவ்வளவு தூரம்?"

"முக்கால் மணி நேரம் இருக்கும்."

"முக்கால் மணி நேரமும் சீட்டியேவா அடிச்சார்?"

"இல்ல... நெறைய பேசினார். உன்னைப் பத்தி, பாப்பாவைப் பத்தி. ரோலர் ரிப்பேரைப் பத்தி."

அவள் மழையைப் பார்த்தபடி நின்றாள்.

"நாளைக்கு வா. லாண்டரி திறக்கறதுக்கு முன்னாடி. வேன்ல ஏறினதுலேருந்து ஒண்ணு விடாமச் சொல்லணும். நீயா எதையும் கழிக்கக் கூடாது, சேக்கக் கூடாது. அவர் என்னைத் திட்டியிருந்தாலும் சொல்லணும்."

"திட்டினார்க்கா. கொஞ்சம்."

"அதையும்தான்" என்றாள் லாண்டரியம்மா. உள்ளே போய், சோப்போடு நின்றிருந்த துணியை அலச மெஷினைப் போட்டாள்.